நான்காவது பாட்டின் வேகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே ஆல்பத்திலிருந்து பாட்டுக்குப் பின் பாட்டாக வெளிநாட்டுத் தரவரிசைகளில் ஏறிக்கொண்டிருந்தது. ஞாயிறு பிற்பகல் வானொலியின் ஆங்கிலச் சேவை லண்டன், அமெரிக்கப் பட்டியல்களை வாசிக்கும். நான்காவது பாட்டு லண்டனில் மூன்றாம் இடத்துக்கு வந்த வாரம், தேயிலை ஆலையில் வேலை செய்த என் அண்ணன், கோயில் திருவிழாவில் அதற்கு ஆடப்போவதாகச் சொன்னான். ஆடுவதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாக நான் அறியேன்.

திருவிழா மேடை, தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியின் பொறுப்பு.

"இங்கிலீஷ் பாட்டா? சாமி என்னடா நினைக்கும்?"

"உலகமே கேக்குது மாமா. லண்டன்ல மூணாவது லா."

"லண்டன்காரனா வந்து நம்ம காவடிய தூக்குறான்? சரி, ஒரு தடவ ஆடு. சனங்க சிரிச்சா, நான் இருக்கிற வரைக்கும் நீ மேடை ஏறக் கூடாது."

அண்ணன் தானா ராத்தா டவுனில் அந்தப் பாட்டின் கேசட்டை வாங்கினான். தோட்டத் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளில் பகலில் மின்சாரம் கிடையாது, கேசட் பெட்டியும் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி தளர்ந்தால் வெயிலில் காயவைப்பார்கள். எங்கள் மலையில் வெயில் அரிது என்பதால் அண்ணன் அதை ஆலையில் இலை காயும் அடுப்பருகே வைத்துச் சூடாக்கிக் கொண்டுவருவான். அப்படியே ஆறு வாரம் பயிற்சி நடந்தது.

வானொலியில் அதே பாட்டு எங்கள் பெட்டியில் கேட்பதைவிட விரைவாகவும் பாடகரின் குரல் மெல்லியதாகவும் இருந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"அவனுங்களுக்கு நேரம் பத்தல. அடுத்து செய்தி வாசிக்கணும்ல, அதான் வேகமா ஓட்டுறான்."

சரியென்றே எனக்கும் பட்டது.

திருவிழா மாலையில் ஒலிபெருக்கிக்காரரின் பெட்டி ஜெனரேட்டரில் ஓடியது. தளர்ந்த பேட்டரியின் இழுவை இல்லாமல் பாட்டு அதன் உண்மையான வேகத்தில் தொடங்கியது. முதல் சரணத்திலேயே அண்ணன் பின்தங்கினான். எட்டிப் பிடிக்கக் கைகால்களை முடுக்கிப் பார்த்தான். பிறகு அதை விட்டு, கற்ற வேகத்திலேயே ஆடினான். பாட்டு முடிந்தபோது அவனுக்கு அரை நிமிட ஆட்டம் மீதி இருந்தது. அதையும் ஆடினான்.

"பாட்டு வீட்டுக்குப் போயிருச்சு தம்பி, நீயும் போ!" என்று ஒரு பெண் கத்தினாள். கூட்டம் முழுவதும் சிரித்தது.

கங்காணி சொல் மாறவில்லை. அந்த ஆல்பத்தின் வேறு பாட்டுகளும் பட்டியல்களில் ஏறின. அடுத்த ஆண்டு பக்கத்து எஸ்டேட் இளைஞர்கள் இருவர் அவற்றில் ஒன்றுக்கு ஆடினார்கள், கங்காணியே கைதட்டினார். அண்ணன் அன்று ஆலையில் கூடுதல் நேர வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.