கயலுக்குப் பத்து நாள் லீவு

கல்லூரியில் மாணவர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்பது என் உத்தியோகம்; காது இருந்தால் போதும் என்று ஊரே நினைக்கிற வேலை. பிள்ளை பெற்றவர்களுக்கும் வாத்தியார்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும்.

போர்டு

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. சேர்ந்ததும் ‘மனநல ஆலோசனை’ என்று பெரிதாக போர்டு மாட்டினேன். இரண்டு மாதம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் எரிச்சலில் அதைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் போட்டேன். மறுநாளே ஒரு பெண் வந்தாள், இரண்டாம் ஆண்டு. கயல் என்று வைத்துக்கொள்வோம். உட்காருமுன் சொன்னாள்:

“மேடம், யாராவது கேட்டா ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்க வந்தேன்னு சொல்லிடுங்க.”

சீட்டு

கயல் மூன்று வாரமாகத் தூங்கவில்லை. புத்தகத்தைத் திறந்தாலே கை நடுங்குகிறது. படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று அழுதாள். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்.

மனநல மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். பத்து நாள் ஓய்வு என்று சீட்டு எழுதினார். லீவுக்குக் கையெழுத்துப் போடவேண்டிய கயலின் துறைத்தலைவரோ, “மாடல் எக்ஸாம் வருதே” என்று இழுத்தார். “காய்ச்சல்னா இப்படிக் கேப்பீங்களா சார்?” என்று கத்தியேவிட்டேன். வராண்டாவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே முணுமுணுத்தார்:

“டைபாய்டுன்னு எழுதி வாங்கியிருந்தா நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேம்மா.”

அப்பா

மகளைக் கூட்டிப்போக வந்த அப்பா, திருவையாற்றுப் பக்கத்து விவசாயி, வயலிலிருந்து நேரே பைக்கில் வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை. “ஊட்டுல படுக்கவா ஹாஸ்டல்ல சேத்தேன்?” என்று எகிறினார். நான் படித்த படிப்பையெல்லாம் கொட்டி விளக்கினேன். மனிதர் அசையவில்லை. கயல்தான் மெல்ல, “தூக்கமே வரலப்பா, பயமா இருக்குப்பா” என்றாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா வேர் அழுகிடும்னு பயிருக்கே பாத்துப் பாத்து வடிய விடுறவனுங்க நான், பெத்த புள்ளையப் பாக்காம விட்டுட்டேனே!”

திரும்பி வந்தவள்

பதினோராம் நாள் கயல் வகுப்பில் இருந்தாள். மாடல் தேர்வில் ஒரு பேப்பர் போயிற்று; போகட்டும், பிள்ளை இருக்கிறாள். அடுத்த வாரமே தன் அறைத்தோழியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வராண்டா நிறைய ஆள். யாருக்கும் கூசாமல் உரக்கச் சொன்னாள்.

“மேடம், இவ சாப்பிடாம அழுதுக்கிட்டே இருக்கா, என்னை மாதிரி இவளையும் பாருங்க!”

பிள்ளைகளுக்குச் சண்டை போட்டு ஓய்வு வாங்கித் தருகிற நான், சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை என்பதை மட்டும் கயலிடம் சொல்லிவிடாதீர்கள்.