போன் நோண்டியின் ஆறரை மணி வணக்கம்

போன் நோண்டுகிறவன் வீட்டில் சார்ஜர் இருபது இருக்கும், பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இருக்காது. இதைப் படிக்கிற சக நோண்டிகளே, உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் நாலு செத்த போன் வைத்திருப்பீர்கள். என்றைக்காவது உயிர் வந்துவிடும் என்று தூக்கிப் போட மனசு வராது. மறைக்காதீர்கள், நானும் உங்கள் ஜாதிதான்.

சோற்றுக்கு கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் ஆனையூர் வீட்டில் உட்கார்ந்து போன் நோண்டுகிறேன். இது தொழிலா, வியாதியா என்று கேட்டால், டாக்டர் பக்கத்திலேயே இருந்தும் குணமாகாததால் வியாதி என்றுதான் சொல்ல வேண்டும்.

கூட்டுக் கொலை

தொடுதிரை போன் ஊருக்குள் வந்த புதுசு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் வீட்டில் நானும் தங்கச்சி பவானியும் இரண்டே பேர். அவள் கல்லூரியில் கடைசி வருஷம். என் முதல் ஸ்மார்ட்போனை வாங்கிய பத்தாம் நாளே எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. கம்பெனிக்காரன் ஏற்றி அனுப்பிய சாஃப்ட்வேரைத் துடைத்துவிட்டு, முகம் தெரியாத எவனோ எழுதிய ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி ஏற்ற வேண்டும். அதில் அப்படி ஒரு சுகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் இறங்கிவிட்டோம். பவர் பட்டனையும் சத்தம் குறைக்கிற பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்றை நான் அமுக்கினேன், மற்றதை அவள். இரண்டு பேரும் மூச்சே விடவில்லை. திரையில் கம்பெனியின் பெயர் வந்தது. வந்தது வந்தபடியே நின்றது. மூன்று மணி நேரம் பார்த்தோம், அசையவில்லை. எங்கள் பாஷையில் இதற்கு 'செங்கல்' என்று பெயர். அதற்கப்புறம் அந்தப் போனைச் சுவரில் வைத்துப் பூசலாம், வேறு எதற்கும் உதவாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பவானி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, ரெண்டு பேரும் சேந்துதான் கொன்னோம். ஆனா போலீஸ் வந்தா நான் அப்ரூவரா மாறிருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

பாயின் பிரார்த்தனை

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பழைய போன் உதிரி விற்கிற பாய் ஒருவர் உண்டு. ஆறு அடிக்கு நாலு அடி கடை. உடைந்த திரை, பேட்டரி, சின்னச் சின்ன ஸ்பீக்கர் எல்லாம் டப்பா டப்பாவாக அடுக்கியிருப்பார். கடைக்கு நான் போகாத சனிக்கிழமை கிடையாது. பவானிக்குக் கல்யாணமாகி ஓசூர் போனபின் புதன்கிழமையும் போக ஆரம்பித்தேன். பாதி நாள் வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. ஏதாவது ஒரு பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரம் அவரோடு பேசிவிட்டு வருவேன். அதற்குத்தான் போனேன் என்று இப்போது ஒத்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது!

பாய்க்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க போனுக்கு ஸ்பேர் தேட நான் இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்க யாரு இருக்கா? ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காக துவா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க பேட்டரியில இருந்து தலையைத் தூக்கினாத்தானே மேல இருக்கிறவன் பொண்ணைக் காட்டுவான்!"

நெஞ்சில் ஓர் உப்பல்

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். பையில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். டவுனில் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து, போனைப் பனியனுக்கு உள்பக்கம் தைத்த பையில் பத்திரப்படுத்தியிருக்கிறார் என்பதைச் சொல்லவே இல்லை. பனியனையும் கழற்றச் சொல்லாமல் விட்டது என் தப்பு. படத்தைப் பார்த்தால், இடது நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போன் குடல் ஈரலெல்லாம் தெரிய உட்கார்ந்திருக்கிறது.

வேறு டெக்னீஷியனாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எடுத்திருப்பான். எனக்கு வந்தது ஆனந்தம்! திருகு இருக்கிற இடத்தை வைத்தே அது எந்த மாடல் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஓரம் வளைந்திருந்ததைப் பார்த்து பேட்டரி உப்பியிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும் என்றும் சொன்னேன். சந்தோஷத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன் போல. பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஏப்பா, மூணு மாசமா இருமிக்கிட்டுக் கெடக்கேன், எனக்கு என்னான்னு சொல்லு. போனு எம்புட்டு நாள் இருக்கும்னு நான் கேட்டேனா?"

கைராசி

கிளினிக்கில் எல்லார் போனுக்கும் நான்தான் டாக்டர். நர்ஸ் ஜெயந்தி வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே ரூமுக்கு வருவார். "சார், இது சுத்திக்கிட்டே இருக்கு," "சார், இது தானா அணையுது" என்று ஏதாவது ஒன்று. போன் என் கையில் இருக்கிற அந்தப் பத்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுக் கதை சொல்வார். பையன் மார்க், மாமியார் முட்டிவலி, குழாயில் தண்ணி வராதது என்று எல்லாம் கேட்பேன். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே ஒரு வாரம் ஓடும்.

ஒருநாள் புத்தி கெட்டுப்போய், என் திறமையையெல்லாம் அந்தப் போனில் காட்டினேன். வேண்டாத குப்பையெல்லாம் வழித்தெடுத்து, புது சாஃப்ட்வேர் ஏற்றி, வழுக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தேன். அப்புறம் நாலு மாதம் ஜெயந்தி என் ரூம் பக்கமே வரவில்லை. லிஃப்டில் பார்த்தபோது நானே கேட்டேன், போன் எப்படி இருக்கிறது என்று. முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "சூப்பர் சார்! உங்க கைராசி, இனிமே உங்கட்ட வரவேண்டிய அவசியமே இல்ல."

தவறாத வணக்கம்

பவானி கல்யாணமான புதுசில் தினமும் கூப்பிடுவாள். குழந்தை பிறந்ததும் வாரம் ஒருமுறை ஆனது. வேலைக்கும் போக ஆரம்பித்தபின் அதுவும் இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. "அண்ணே, தெனம் காலைல ஒரு வணக்கம் மட்டும் அனுப்பிரு. நீ நல்லாருக்கன்னு தெரிஞ்சுக்குவேன், அது போதும் எனக்கு" என்று கேட்டுக்கொண்டாள். அனுப்பினேன். ஆறரைக்கு நான் ஒரு பூப்படம் அனுப்புவேன், ஆறே முக்காலுக்குள் அவளிடமிருந்து "காலை வணக்கம் அண்ணே" என்று வரும்.

காலை ஷிஃப்ட் இருக்கிற நாளில் மறந்துபோகும். நோண்டிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? ஒரு செயலியைப் போட்டு, ஆறரை ஆனதும் போன் தானாகவே அனுப்புகிற மாதிரி அமைத்தேன். தினம் ஒரே பூ போனால் சந்தேகம் வரும் என்று முந்நூறு பூ சேகரித்து வைத்தேன். அவளை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. ஒரு பொங்கலன்று பேசும்போது அவள் சொன்னது இன்னும் உறுத்தியது: "ஊர்ல எல்லாரும் மறந்துட்டாங்க. உன் பூ மட்டும் ஒருநா தவறுறதில்லண்ணே."

நாலு நாள் காய்ச்சல்

போன வருஷம் மழைக்காலத்தில் படுத்தேன். எழுந்து தண்ணி குடிக்கப் போனால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கிளினிக்குக்கு லீவு மட்டும் சொல்லிவிட்டேன். பவானியைக் கூப்பிடலாம்தான். ஆனால் என் குரலில் கேட்காமலே அவளாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. எப்படிக் கண்டுபிடிப்பாள்? காலை ஆறரைக்கு சார்ஜரில் கிடந்த போன் டிங் என்று செம்பருத்தி அனுப்புகிறது. மறுநாள் தாமரை. அங்கிருந்து அவளும் வணக்கம் சொல்கிறாள். நான் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறேன். அன்றைக்கு அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

நாலாம் நாள்தான் முதல் போன் வந்தது. ஜெயந்தி. என் குரலைக் கேட்டுப் பதறி, டாக்டரிடம் சொல்லி மாத்திரையும் கஞ்சியும் ஆள் மூலம் அனுப்பிவைத்தார். நல்ல மனசு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வைப்பதற்கு முன்னால் இழுத்தார்: "உடம்பு தேறட்டும் சார், அவசரமில்ல... ரெண்டு நாளா என் போன்ல நெட்டு மட்டும் வரமாட்டேங்குது."

பூ போகாத காலை

உடம்பு தேறியதும் அந்தச் செயலியை எடுத்துவிட்டேன். ஒரு நாள் வணக்கம் போகாவிட்டால் பவானி என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும். பதறுவாளா? கூப்பிடுவாளா? திங்கட்கிழமை ஆறரைக்குப் போனைக் கையில் பிடித்து உட்கார்ந்தேன். நான் எதையும் அனுப்பவில்லை. ஆறு நாற்பதுக்கு அவளிடமிருந்து வந்தது: "காலை வணக்கம் அண்ணே." எதற்குப் பதில் சொல்கிறாள்? செவ்வாய்க்கிழமையும் அனுப்பவில்லை. அன்றைக்கும் சரியாக ஆறு நாற்பது. "காலை வணக்கம் அண்ணே."

பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். இரண்டு வருஷமாக ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல் ஆறு நாற்பது. அடிப்பாவி! போன் நோண்ட அவளுக்கும் நான்தானே கற்றுக்கொடுத்தேன். அப்போதே கூப்பிட்டேன். "என்னண்ணே காலைலயே, ஏதும் பிரச்சினையா?" என்றாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது, குழந்தை ஷூவைக் காணோம் என்று கத்தியது. என் பூவைப் பற்றிச் சொன்னேன், அவள் வணக்கத்தைப் பற்றிக் கேட்டேன். முதலில் சிரித்தாள், நானும் சிரித்தேன். "பாப்பாவை ஸ்கூலுக்குக் கிளப்புற நேரம்ணே, அதான் டைம் செட் பண்ணி விட்டேன்" என்றாள். காய்ச்சலில் நாலு நாள் கிடந்ததை அப்புறம்தான் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. குக்கர் இன்னும் இரண்டு விசில் அடித்தது, அவள் அடுப்பை அணைக்கவில்லை. பிறகு உடைந்த குரலில் சொன்னாள்: "அப்ப நீ செத்தே போயிருந்தாலும், மறுநா காலைல எனக்குப் பூ வந்துருக்குமேண்ணே. நானும் வணக்கம் போட்டுருப்பேனே."

இப்போதெல்லாம் ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்குப் பவானி கூப்பிடுகிறாள், அலாரம் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் பேசுகிறது அவளேதான் என்பதால் அந்த ஒரு கோளாறை மட்டும் நான் நோண்டப் போவதில்லை.