படலையில் செருகிய வேப்பிலை

எங்கள் வீட்டுக்கு அம்மாள் வருத்தம் வந்த மூன்று வாரம்தான் என் சிறுவயதின் மிக நல்ல காலம் என்று சொன்னால், அக்கா இன்றைக்கும் அடிக்க வருவாள். அம்மைக் கொப்பளங்கள் போட்டது அவளுக்கு.

மானிப்பாயில் அந்த வருடம் பல வீட்டு வாசல் படலைகளில் வேப்பிலை தொங்கியது. வேப்பிலை கண்ட வீட்டுக்குள் எவரும் வரமாட்டார்கள். வீட்டாரும் வெளியே போகமாட்டார்கள். கந்தோருக்கு வேலைக்குப் போவதும் களைத்து வருவதுமாக மட்டுமே நான் அறிந்திருந்த அப்பா, முற்றத்து மணலில் கோடு கீறி என்னோடு நாயும் புலியும் விளையாடினார். தோற்றுவிட்டுச் சிரித்தார். வேலியில் செண்பகம் கூடு கட்டுவதை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மாகூட அவசரமில்லாமல் நடந்தார்.

அக்காவுக்கு மூன்றாம் தண்ணீர் வார்த்த சனிக்கிழமை, வருத்தம் மாறிவிட்டதென்று அம்மா வேப்பிலையைக் கழற்றி எறிந்தார். “திங்கட்கிழமை எனக்குக் கந்தோர், உனக்குப் பள்ளிக்கூடம்,” என்றார் அப்பா. இலை இருந்தால் திங்கட்கிழமை வராது என்று நான் நம்பினேன். ஞாயிறு காலை, புதுக் கொத்தொன்றை ஒடித்துப் படலையில் செருகினேன்.

சற்று நேரத்தில் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. மலாயாவில் உத்தியோகம் கிடைத்து, அன்று பின்னேர வண்டியில் கொழும்புக்குப் போய்க் கப்பலேற இருந்தவர். வேப்பிலையைக் கண்டதும் படலைக்கு வெளியே ஒழுங்கையிலேயே நின்றுவிட்டார்.

“என்னடா, இன்னும் மாறேல்லையோ?”

தலையாட்டினேன்.

“உனக்கு வரேல்லையே? அம்மாளும் ஆள் பாத்துத்தான் வாறா போலை,” என்று சிரித்தார். பிறகு அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் நெடுநேரம் பார்த்தார். “கொம்மாவுக்கு நான் வந்து நிண்டதைச் சொல்லாதை. ஓடி வந்து அழுவா. நானும் உள்ளுக்கு வந்திடுவன். பிறகு கப்பலிலை ஏத்தமாட்டாங்கள். நான் கடிதத்திலை எழுதுறன்.”

“ஓம் மாமா.”

அவர் போனதும் பயம் பிடித்தது. இலையைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன். தம்பி சொல்லிக்கொண்டு போக வருவான் என்று, பின்னேர வண்டி கூவிப் போகும்வரை அம்மா படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை வந்தது. இலையைப் பிடுங்கியதால்தான் வந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வேப்பிலை கண்டு திரும்பியதாக மாமா எழுதியிருந்தார்; என்னோடு பேசியதை எழுதவில்லை. அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

“அவன் வாறதுக்கு முதல்நாளே நான் கழட்டி எறிஞ்சனான் எல்லோ?”

“எறிஞ்சனி எண்டுதான் நானும் நினைச்சனான்,” என்றார் அப்பா.

அம்மா என்னிடம் திரும்பினார். “நீ கண்டனியோ தம்பி?”

“நான் காணேல்லை அம்மா.”

பிறகு ஜப்பான்காரனின் சண்டை வந்தது. மாமா மலாயாவிலேயே முடிந்துபோனார். அம்மா கடைசிவரை உண்மை அறியவில்லை. நான் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அம்மா தன் கை செய்ததை நம்பாதவரானார். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்ப்பார். படலையைச் சாத்திக் கொழுவிவிட்டு, பாதி முற்றத்தில் நின்று யோசித்து, மறுபடி போவார். அது என்னால் வந்தது என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. பகிடியாக இருந்தது. “இன்னொருக்கால் பாருங்கோ அம்மா!” என்று பின்னால் நின்று கத்திச் சிரிப்பேன். அவர் உண்மையாகவே இன்னொருமுறை போய்ப் பார்ப்பார்.