ஜோடனை டீச்சரின் பெயர் மரம்

மற்ற ஆசிரியைகள் கேலியாக வைத்த ‘ஜோடனை டீச்சர்’ என்ற பெயரை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஒன்றாம் வகுப்புக்கு அவர்தான் டீச்சர். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே அறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். வருடத்தில் அவருக்கு மிகவும் பிடித்த வாரம் அதுதான். அறையில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள் அல்லவா!

அவர் வீட்டுக்கு ஒரு தடவை போய்வந்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். சோபாவுக்குக் கடைக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும், எழுந்தால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட கோப்பைகள் அணிவகுத்து நிற்கும்; விருந்தாளிக்கு என்னவோ விளிம்பு நசுங்கிய டம்ளரில்தான் காபி வரும். கணவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ஊரில் இருப்பவர்களிடமெல்லாம் விபத்து, வியாதி, மரணம் என்று வாய் ஓயாமல் பேசுகிறவர், வீட்டு வாசலை மிதித்ததும் ஊமையாகிவிடுவார். விடுமுறை முடியும் சமயத்தில் அவர் கையில் கத்தரிக்கோலைத் திணித்துத் தரையில் உட்கார வைத்துவிடுவார் டீச்சர். மனிதரும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஆப்பிள் வெட்டுவார், பட்டாம்பூச்சி வெட்டுவார்.

இந்த வருடம் வேலை இன்னும் கடுமையாக இருந்தது. தலைமை ஆசிரியை ஓய்வு பெறப்போகிறார். அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் எல்லா அறைகளையும் நேரில் பார்த்து, எவருடைய வகுப்பறை சிறந்ததோ அவருக்கே அந்த நாற்காலி என்று தாளாளர் அறிவித்துவிட்டார். தாளாளர் குளியலறை டைல்ஸ் விற்றுப் பெரிய மனிதரானவர். சுவரை வைத்துத்தானே அவர் மனுஷரை எடைபோட முடியும்? ஜோடனை டீச்சருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பது போலவும், அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பது போலவும் கனவு கண்டாரோ என்னவோ.

அப்படி மண்டையை உடைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்ததுதான் பெயர் மரம். பின்சுவர் முழுக்க ஒரு மரம். இடது பக்கம் எத்தனை கிளையோ வலது பக்கமும் அத்தனை. கிளைக்குக் கிளை பறவைகள், பறவைக்கு ஒரு பிள்ளையின் பெயர். எல்லாம் அச்சடித்து, பளபளக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியவை. பறவையின் ஒரு பக்கம் வண்ணம், மறுபக்கம் சாம்பல். காலையில் வந்ததும் பிள்ளைகள் ஸ்டூலில் ஏறித் தங்கள் பறவையை வண்ணப் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். சாம்பலாகவே தொங்கினால் அந்தப் பிள்ளை வரவில்லை என்று அர்த்தம். டீச்சர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவே வேண்டாம், சுவரைப் பார்த்து வருகையைக் குறித்துக்கொள்ளலாம். அதே பெயர், அதே எழுத்தில், பை மாட்டும் கொக்கியிலும் பெஞ்சிலும் நோட்டு அட்டையிலும் இருந்தது. நோட்டுகள் வீட்டுக்குப் போனால் முனை மடங்கிவிடும் என்று அலமாரியை விட்டு நகராது.

பள்ளி திறந்த மறுநாளே வினை வந்தது. அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டதென்று ஒரு சிறுமி பள்ளியை விட்டுப் போய்விட, அந்த இடத்துக்கு வேறொரு சிறுமி வந்து சேர்ந்தாள். டீச்சர் புதுக் குழந்தையை ஒரு பார்வை பார்த்தார், மரத்தை இன்னொரு பார்வை பார்த்தார். இரண்டாவது பார்வைதான் நீளமாக இருந்தது.

பக்கத்து அறையின் இரண்டாம் வகுப்பு டீச்சர் இவருடைய நாத்தனார், கணவரின் கூடப்பிறந்த தங்கை. இடைவேளையில் அவர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணி, அந்தப் புதுப் பொண்ணுக்கும் ஒரு பறவை ஒட்டிடுங்களேன். அண்ணன்கிட்ட சொன்னா வெட்டித் தந்துடுவாரு.”

“வெட்டுறது பெரிசில்லம்மா. அந்தக் கலர் தாள் கடையில தீர்ந்துபோச்சு. ஒண்ணு மட்டும் வேற மாதிரி தொங்குனா கண்ணை உறுத்தாதா? போன பொண்ணோட பறவை சும்மாதானே இருக்கு. இவ அதுல இருந்துட்டுப் போகட்டும்.”

“அதுல அவ பேரு இருக்கே அண்ணி.”

“ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை. அதுக்குப் படிக்கவா தெரியும்?”

கேட்டது ஒன்றாம் வகுப்பு டீச்சர்! படிக்கச் சொல்லிக் கொடுக்கத்தான் மாதாமாதம் சம்பளம் வருகிறது என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று போலிருக்கிறது. நாத்தனாரும் ஒன்றும் பெரிய நியாயவாதி இல்லை. அண்ணியைப் பகைத்துக்கொண்டால் பிறந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாதென்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

குழந்தை ஏதோ சொல்ல வாயெடுத்தது. “பாப்பா, போய் உன் பறவையைத் திருப்பிட்டு உட்காரு” என்றார் டீச்சர். எந்தப் பறவை என்று விரலால் காட்டினார். குழந்தை திருப்பிவிட்டு உட்கார்ந்தது.

மாதங்கள் ஓடின. அந்த அறையில் அதிகம் கேட்ட வார்த்தை ‘தொடாதே’. கலர் பென்சில்கள் உயர வரிசையில் நின்றன, ஒன்றின் முனையாவது மழுங்கியதில்லை. வாசிப்பு மூலையில் மெத்தைகள் இருந்தன, அவற்றில் உட்காரக்கூடாது. பிள்ளைகள் பொருட்காட்சிக்கு வந்தவர்களைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். இத்தனைக்கு நடுவிலும் அந்தக் குழந்தை எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே, அதுதான் ஆச்சரியம். கொக்கியில் இருந்ததைப் படித்தது, பெஞ்சில் இருந்ததைப் படித்தது, நோட்டில் அதையே எழுதி எழுதிப் பழகியது. மற்ற பிள்ளைகளும் பறவையைப் பார்த்து அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள். டீச்சருக்கு எப்போதும் ‘பாப்பா’தான்.

தாளாளர் பார்வையிடும் நாளும் வந்தது. பெற்றோர்களும் வந்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ்காரர் ஒரு மூலையில், தான் வெட்டிய பறவைகளைத் தானே பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றார். தாளாளர் மரத்தைக் கண்டதும் வாயெல்லாம் பல்லானார். பழக்க தோஷத்தில் விரல் முட்டியால் சுவரைத் தட்டியும் பார்த்தார்.

“பிரமாதம் டீச்சர்! இந்தப் பேரெல்லாம் பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“படிக்கிறதா? எழுதியே காட்டுவாங்க சார்!” என்றார் டீச்சர். தலைகால் புரியாத சந்தோஷத்தில், வகுப்பிலேயே கையெழுத்து அழகான பிள்ளையைத் தேடினார். “பாப்பா, நீ வா.”

புதுக் குழந்தை எழுந்து வந்தது. ஸ்டூலில் ஏறித் தன் பறவையைக் காட்டியது, சத்தமாகப் படித்தது. பிறகு கரும்பலகைக்குப் போய், நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் குண்டு குண்டாக எழுதியது. அறையே கை தட்டியது.

அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ், டியூட்டி முடிந்து சீருடையோடு ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தாள். குழந்தையின் அம்மா. கைதட்டல் தன் மகளுக்கு என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. கரும்பலகையைப் பார்த்தாள். தட்டுவதற்காகத் தூக்கிய கை அப்படியே நின்றது.

“டீச்சர், இது யார் பேரு?”

“உங்க பொண்ணு எழுதினதுதாங்க. எவ்வளவு அழகா...”

“அழகாத்தான் இருக்கு. யார் பேருன்னு கேக்குறேன்.”

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. “அது வந்துங்க... அந்தப் பறவையோட பேரு.”

பறவையோட பேராம்! தாளாளருக்கு என்ன ஏதென்று முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஓட்டை டைல்ஸைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் அந்த வியாபாரிக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றுபோயிற்று.

குழந்தைதான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற இரக்கம் அதன் குரலில் இருந்தது. “அம்மா, அது என் ஸ்கூல் பேரும்மா. நீ கூப்பிடுறது வீட்டுப் பேரு.”

நர்ஸ் கத்தவில்லை. மகளின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி டீச்சரிடம் நீட்டினாள்.

“இவளோட நிஜப் பேரை நீங்களே எழுதிக் காட்டுங்க. பார்த்துப் பழகிக்கட்டும்.”

டீச்சர் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். கரும்பலகையின் முன்னால் போய் நின்றார். பிறகு, யார் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் செய்வது போலவே, திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். இடது பக்கக் கிளைகளைப் பார்த்தார், வலது பக்கக் கிளைகளைப் பார்த்தார். அன்று எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒரு பறவைகூடச் சாம்பலாக இல்லை.

தாளாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பக்கத்து வகுப்புக்கு நடையைக் கட்டினார். நாற்காலியும் அவர் பின்னாலேயே போயிற்று.

டீச்சர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் பக்கத்தில் போய் நின்று, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

“தெரியலையா டீச்சர்? நான் சொல்லித் தரேன்.”