உலகம் தின்பவனின் தசரா

அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட வருடம், அண்டத்தையே நடுங்கவைக்கும் ஒருவனாக நான் திசையன்விளைத் தெருக்களில் பிச்சை எடுத்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று அம்மா குலசை அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். தசராவுக்கு மகன் வேஷம் கட்டுவான். வீடு வீடாகக் கேட்டு வாங்கியதை உண்டியலில் போடுவான். காளி வேஷத்துக்கு நீண்ட விரதம் வேண்டும். ராஜா வேஷத்துக்குக் கிரீடமும் உடுப்பும் வாடகைக்கு எடுக்க வேண்டும். இரண்டும் எங்களுக்கு ஆகிற காரியம் இல்லை.

வழி கண்டுபிடித்தது மாமா, அம்மாவின் தம்பி. வண்ணார்பேட்டையில் பழைய பேப்பர் கடை ஒன்றில் வேலை பார்த்தார். எடைக்கு வந்த கட்டிலிருந்து ஒரு அமெரிக்கப் படக்கதையை எனக்குக் கொண்டுவந்திருந்தார். ஆங்கிலம் இரண்டு பேருக்கும் தெரியாது. படமே போதுமாக இருந்தது. கோள் கோளாகப் போய்த் தின்கிற ஒரு ராட்சதன். தலையில் இரண்டு குழாய் முளைத்த இரும்புக் கவசம். பூமியை நுங்குபோல இரண்டு விரலில் பிடித்திருந்தான். பறக்கிற வீரர்கள் பத்துப் பேர் சேர்ந்து அடித்தும் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்ததால் அவன் தோற்கவும் இல்லை. எனக்கு அவனைத்தான் பிடித்திருந்தது.

மாமா ஒரு பிளாஸ்டிக் வாளியில் கண்ணுக்கு ஓட்டை போட்டு, இரண்டு பைப் துண்டைச் சொருகி, வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்.

“இது யாருலே?” என்று அம்மா கேட்டாள்.

“சிவன்கூட இருக்க பூதகணம்க்கா. பெரிய ஆளு” என்றார் மாமா, கண்ணிமைக்காமல்.

அம்மா வாளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மனுக்கு முன்னால் பொய் வேஷத்தில் போய் நின்றால் அப்பாவின் கால் என்ன ஆகும்?

முதல் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து ஓரடி பின்வாங்கினாள். “எய்யா, இது என்ன வேசம்?”

எனக்குப் பொய் வரவில்லை. “உலகத்தைத் திங்கிறவன்” என்றேன்.

“சரி, அதுக்கு முன்ன இந்த முறுக்கைத் தின்னு” என்று கையில் ஒன்றைத் திணித்து, தட்டில் ஒரு நாணயத்தையும் போட்டாள். வாளியைக் கழற்றாமல் முறுக்கு தின்ன முடியாது. தெருப் பையன்கள் பின்னாலேயே வந்தார்கள். “ஏலே வாளி! கிணறு அங்கன இருக்குலே!”

குலசையில் உண்டியல் முன்னால் வந்ததும் எனக்குக் கை எழவில்லை. அழுதுவிட்டேன்.

“எம்மா, இது பூதகணம் இல்ல. கெட்டவன். எல்லாத்தையும் திங்கிறவன். மாமா பொய் சொல்லிட்டாவ.”

அம்மா வாளியைத் தூக்கி என் முகத்தைத் துடைத்தாள்.

“உங்க மாமன் முழியப் பாத்தப்பவே தெரியும்லே. புஸ்தகத்தையும் பாத்துட்டேன். ராசா வேசம் கட்டுனவனே இன்னைக்குக் கை ஏந்துதான். பறிச்சே தின்ன பய ஒருத்தன், வாசல்ல நின்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கான். ஆத்தாளுக்கு இது போதாதா? போடுலே.”

போட்டேன். பொங்கலுக்குள் அப்பா கம்பூன்றி நடந்தார். சாரம் ஏறத்தான் முடியவில்லை. அதனால் ஏழாம் வகுப்போடு நான் ஏறினேன்.

ஆனால் அம்மாமேல் வெகுநாள் கோபம் இருந்தது. என் ஆளைப் பிச்சைக்காரனாக்கிவிட்டாளே என்று. யாரிடமும் எதையும் கேட்காததுதான் அவன் பலம் என்று நினைத்திருந்தேன். கேட்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அப்போது தெரியாது. பிறகு ஊர் ஊராகப் போய், சூரத்தில் வேலை இல்லாமல் கிடந்த மூன்றாம் நாள், ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

அன்று தலையில் வாளி இல்லை.