விசிலுக்கு நின்ற பாறை

நாங்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்றால் ஜவ்வாது மலை ஏறுவோம். ஒடுகத்தூரில் கூடுவோம். அடிவாரம் வரை ஆட்டோ. அதற்கு மேல் நடை. மலைக்காரர்கள் புளியும் சாமையும் தலையில் வைத்துச் சந்தைக்கு இறங்குகிற தடம் அது. மேலே ஒரு சின்ன ஊர். அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம். வேறு காரியம் ஒன்றும் கிடையாது.

ஆட்டோ ஓட்டுகிறவன் என்னோடு எட்டாவது வரை படித்தவன். இன்னொருவன் வாணியம்பாடிக்காரன். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவன் என்னை மாமா என்பான். முறை எதுவும் இல்லை, பழக்கம். அவனும் நானும் ஒரே தோல் கம்பெனி. ஒரே டிரம்.

டிரம் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு நான் ஏன் தண்ணீரில் நின்றேன் என்று புரியாது.

டிரம் என்பது மரத்தில் செய்த பெரிய உருளை. ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுற்ற விடுவோம். சுற்றி முடிந்ததும் கதவைக் கழற்றி ஒருவன் உள்ளே இறங்குவான். ஈரத் தோலைத் தள்ளுவான். கதவைக் கழற்றும் முன் வெளியே நிற்கிறவன் வாயில் விரலை வைத்து நீளமாக ஒரு விசில் அடிப்பான். உள்ளே ஆள் சிக்கிக்கொண்டாலும் அதே விசில்தான். விசில் கேட்டால் ஷெட்டில் இருக்கிற எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தூக்கின காலைக்கூடக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும். விசில் அடித்தவனே டிரம் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அசையலாம். மேஸ்திரி சொன்னாலும் அசையக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பழகிவிடும்.

ஒரு தடவை ஒருவன் அசைந்தான். உள்ளே சிக்கினவனுக்கு உதவி செய்யத்தான் ஓடினான். தோள் பட்டு லீவர் விழுந்தது, டிரம் சுற்றிவிட்டது. உள்ளே இருந்தவனைத் தோலோடு சேர்த்து வெளியே எடுத்தது பாயும் நானும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அந்த வேலையில் மூக்கு செத்துப்போகும். மலை ஏறினால் திரும்பி வரும். பாய் முதல் வளைவிலேயே நின்று மூச்சை இழுப்பான். "மேல வந்தாதான் மாமா மூக்குன்னு ஒண்ணு கீதுன்னு தெரியுது" என்பான். ஏன் போகிறோம் என்று கேட்டால் என்னிடமும் அதே பதில்தான்.

அன்று ஐப்பசி மாதம். காலையில் வெயில் இருந்தது. மேலே ஊரில் சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, உரித்துத் தின்றோம். பாய் பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தான். கட்டுத் தூக்கிப் போன ஒரு அம்மா எங்களைப் பார்த்து நின்றாள். கீழே உங்களுக்கு வேலை வெட்டி கிடையாதா என்றாள். காத்து வாங்க வந்தோம் என்றான் பாய்.

"வாங்கினது போதும். மூட்டை கட்டி எடுத்துனு எறங்குங்க. கெழக்கால கருத்துனு கீது."

சிரித்தோம். ஆனால் எழுந்துவிட்டோம். அவள் சொன்னதற்காக இல்லை. ஆட்டோக்காரனுக்குச் சாயங்காலம் ஒரு சவாரி இருந்தது.

பாதி வழியில் ஓர் ஓடை. காலையில் தாண்டும்போது உள்ளங்கால்தான் நனைந்தது. நடுவில் தட்டையாக ஒரு பாறை. அதில் ஒரு கால் வைத்து அடுத்த கரைக்குத் தாவுவோம். இறங்கும்போது மூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. முன்னால் போகிறவனின் சட்டை தெரியவில்லை. மழை எங்கள் மேல் இல்லை. மேலே எங்கேயோ கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆட்டோக்காரன் முதலில் தாண்டிவிட்டான். நான் நடுப் பாறையில் கால் வைத்தேன். பாய் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

அப்போது விசில் கேட்டது. நீளமாக ஒன்று.

நின்றேன்.

யோசித்து நிற்கவில்லை. உடம்பு நின்றது. யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. பாய் விசில் அடித்திருக்கிறான் என்றால் பாய் எதிலோ மாட்டியிருக்கிறான்.

"பாய்" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். இல்லை.

அக்கரையிலிருந்து ஆட்டோக்காரன் கத்தினான். ஏன்டா நிக்கிற என்றான். பாய் விசில் அடிச்சான் என்றேன்.

"அதுக்கு?"

"நிக்கணும்."

"யோவ், இது இன்னா உன் கம்பெனியா? தண்ணி ஏறுது. வா இப்டி."

தண்ணீர் ஏறியது உண்மைதான். பாறை மேல் வந்துவிட்டது. நிறம் மாறிவிட்டது. செம்மண் கரைத்த மாதிரி. சருகு வந்தது, பிறகு குச்சி, பிறகு கிளை. இது கம்பெனி இல்லை என்று எனக்கும் தெரியும். தலைக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. அந்தக் காலுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்கு ஒருவன் உதவி செய்ய ஓடினான், உள்ளே இருந்தவன் செத்தான்.

முன்னால் போனால் நான் பிழைப்பேன். பாய் பின்னால் தனியாக இருப்பான். ஓடை நிறைந்துவிட்டால் யாராலும் அவனிடம் போக முடியாது. பின்னால் போகலாம் என்றால் அவன் எங்கே என்று தெரியாது. மேலேயா, கீழேயா, பாதையிலா, பள்ளத்திலா. மூட்டம் வெள்ளைத் துணி மாதிரி முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அசையாமல் நின்றால் ஒருவேளை இன்னொரு சத்தம் கேட்கும். அப்படி ஒரு கணக்குப் போட்டேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது போடவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. காலுக்கடியில் பாறை இருக்கிறது என்பதை விரலால்தான் தெரிந்துகொண்டேன். ஆட்டோக்காரன் துண்டை முறுக்கி வீசினான். எட்டவில்லை. தண்ணீரில் இறங்கப் பார்த்தான். இறங்காதே என்றேன். அவன் என் அம்மாவை இழுத்துத் திட்டினான். அப்பாவை இழுத்தான். பிறகு திட்டை விட்டுவிட்டான்.

"கைய நீட்டுடா. உன் கால்ல வேணா வுழுறேன். உன் பொண்டாட்டிக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்?"

அவன் அழுதது அதற்கு முன் நான் கேட்டதில்லை. பேசினால் தட்டு காதில் விழாது என்று பயம். தட்டு வரும் என்று இருந்தேன். வராது என்றும் இருந்தது.

பிறகு வந்தது. இரண்டு தட்டு. மரத்தில் தட்டின சத்தம். பலம் இல்லாத தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடியும் இரண்டு.

உயிரோடு இருக்கிறான். எங்கே என்றும் தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால், இடது கைப் பக்கம், பள்ளத்தில். என்னைப் போகச் சொல்கிறான் என்பதும் தெரிந்தது.

திரும்பினேன். இந்தப் பக்கம்டா, இந்தப் பக்கம்டா என்று ஆட்டோக்காரன் கத்தினான். ஆளைக் கூட்டிவா என்று கத்திவிட்டு இறங்கினேன். இரண்டாவது அடியில் தரை இல்லை. தண்ணீர் மார்புக்கு வந்து என்னைத் தூக்கியது. வேர் ஒன்று கையில் பட்டது. அதைப் பிடித்தேன். எந்த மரத்தின் வேர் என்று பார்க்கவில்லை. கால் செருப்பு இரண்டும் போய்விட்டன. கரை ஏறினேன்.

பாய் பாதைக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தான். விளிம்பு மண் சரிந்து கூடவே விழுந்திருக்கிறான். இரண்டு கல்லுக்கு நடுவில் வலது கால். முழங்காலுக்குக் கீழே பார்க்கிற மாதிரி இல்லை. பக்கத்தில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதில்தான் பிளாஸ்கால் தட்டியிருக்கிறான். பிளாஸ்குக்குள் கண்ணாடி உடைந்து சலசலத்தது. அதை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தட்டுனது உன்னப் போவச் சொல்லி, மாமா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் வந்தே?"

கல்லைப் பிடித்தேன். அசையவில்லை. பள்ளத்திலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவன் இடுப்பு நனைந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, ஓடை அக்கரைக்குப் போகிற வழியை மட்டும் அடைக்கவில்லை. இங்கேயும் வரப்போகிறது. கல்லை முதுகால் தள்ளினேன். காலால் தள்ளினேன். கிளை ஒன்றை நுழைத்து நெம்பினேன். கிளை ஒடிந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் ஒடிந்தது. கைத்தோல் உரிந்துவிட்டது.

விரலை வாயில் வைத்தேன். ஊரில் யாருக்காவது கேட்கட்டும் என்று. எடுத்துவிட்டேன். அக்கரையில் ஆட்டோக்காரன் ஓடிக்கொண்டிருப்பான். விசில் கேட்டால் நிற்க வேண்டும் என்று கொஞ்சம் முன்னால்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். நின்று தொலைத்தால்? தொண்டையால் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி, போய்டு என்றான். தன் சின்ன மகளுக்கு இன்னும் பால் பல்லே விழவில்லை என்றான். போய்டு என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. நான் பிழைத்தால்தான் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் என்று தெரிந்தது. தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது. அவன் பின்னால் உட்கார்ந்து அக்குளில் கை கொடுத்துத் தலையை உயர்த்திப் பிடித்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் அதுவும் முடியாது. எனக்குச் சாமி கும்பிடத் தெரியும். அப்போது ஒரு சாமியும் நினைவுக்கு வரவில்லை. ஏறாதே, ஏறாதே என்று தண்ணீரிடம்தான் சொன்னேன்.

ஏறியது. கழுத்துக்கு வந்தது.

மேலேயிருந்து ஒரு பெரிய கட்டை வந்தது. வந்த வேகத்தில் கல்லில் இடித்தது. கல் புரண்டது. பாய் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. நான் பின்பக்கமாக விழுந்தேன். அவனும் என் மேல் விழுந்தான். கால் வெளியே வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை. தண்ணீர்தான் கட்டையைக் கொண்டுவந்தது, தண்ணீர்தான் அவன் காலை எடுத்துவிட்டது. அதை நினைத்து மகிழ்ச்சி அடைய என்னால் இன்றுவரை முடியவில்லை.

சட்டையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். முதுகில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். கீழே போக வழி இல்லை. கால் வழுக்கியது. விழுந்தேன். எழுந்தேன். பாய் ஓதுவதை நிறுத்தியிருந்தான். பேசுடா என்றேன். பேசவில்லை. திட்டினேன். ஆட்டோக்காரன் என்னைத் திட்டின அதே வார்த்தைகள்.

வெளிச்சம் போகிற நேரத்தில் எதிரே ஆட்கள் வந்தார்கள். ஊர்க்காரர்கள். சாமைக்கட்டுத் தூக்கின அந்த அம்மா முன்னால் வந்தாள். ஓடையில் தண்ணீர் வந்ததும் கீழே போனவர்கள் தாண்டியிருக்க மாட்டார்கள் என்று அவள்தான் ஆளைக் கூட்டியிருக்கிறாள். கம்பில் கம்பளி கட்டி டோலி கொண்டுவந்திருந்தார்கள். பாயை என் முதுகிலிருந்து எடுத்தார்கள். எடுத்த பிறகும் என் முதுகு நிமிரவில்லை. அவள் பாயின் மூக்கடியில் கை வைத்துப் பார்த்தாள்.

"மூச்சு கீது. தூக்குங்க."

மேலே ஊரில் ஜீப் கிடைத்தது. மலையைச் சுற்றி இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆட்டோக்காரன் அடிவாரத்து ஆட்களோடு விடியும்வரை அக்கரையில் தேடியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கன்னத்தில் ஒரு அறை விட்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இப்போது பாய் அவன் அண்ணன் டீக்கடையில் உட்காருகிறான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அங்கே போகிறோம். மலை போவதில்லை. கடையிலிருந்து பார்த்தால் மலை கோடு மாதிரி தெரியும். அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் அவன் உட்காருவான்.

ஒருநாள் கேட்டேன். நீ எதுக்கு விசில் அடிச்சே? பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அப்பவே வந்திருப்பேனே.

கையில் இருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

"கூப்பிடணும்னு தோணல மாமா. நிறுத்தணும்னுதான் தோணுச்சு."

"எதை?"

"எல்லாத்தையும். சரியிற மண்ண, ஏறுற தண்ணிய, உன்ன."

நான் இன்னும் அதே டிரம்மில்தான். கூட வேறு ஒருவன். நல்லவன். ஒழுங்காக விசில் அடிக்கிறான், ஒழுங்காக இரண்டு தட்டுத் தட்டுகிறான். தட்டு கேட்டதும் ஷெட்டில் எல்லாரும் அசைகிறார்கள். நான் கொஞ்சம் நிற்கிறேன். மேஸ்திரி திட்டுகிறார். அன்றைக்கு ஓடையில் நின்ற மாதிரி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.