ஜன்னலோர சீட்

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கைக்குத் திட்டம் போட்டுத் தருகிற ஆலோசகர், ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். வரும்போது ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம்: இதுவரை வாழ்ந்ததில் எந்த நேரம் உங்களுடையதாக இருந்தது?

எனக்கு எரிச்சலாக வந்தது. இருபது வருடமாக ஷிஃப்ட்டுக்குப் போகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வெற்றுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அவரைப் பார்க்கத்தான் கிளம்பினேன். கால் தன் பழக்கத்துக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பஸ் வந்ததும் ஏறியும்விட்டேன்.

"இன்னாண்ணே, இன்னிக்கு ஓ.டி.யா?" என்றார் டிரைவர்.

அப்போதுதான் உறைத்தது. இறங்கியிருக்கலாம். ஆனால் என் ஜன்னலோர சீட் காலியாக இருந்தது.

வடக்குப்பட்டுப் பக்கம் பனி இறங்கியிருந்தது. ஏரி, மதில்சுவர், கன்டெய்னர் லாரிகள் எல்லாம் ஒரே நிறத்தில் கரைந்துகொண்டிருந்தன. பாதித் தூக்கத்தில், இத்தனை வருடக் காலைகளும் ஒரே காலையாகக் கண்ணாடியில் நகர்ந்தன. இந்த முக்கால் மணி நேரம் மட்டும் நான் குடும்பத்தலைவனும் இல்லை, ஆபரேட்டரும் இல்லை. சும்மா இருந்திருக்கிறேன்.

கம்பெனி கேட்டில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். நான் தாளைப் பிரித்து எழுதினேன்: "பஸ்ஸில், ஜன்னலோரம். இனிமேலும் அதுதான் வேண்டும். போய்ச் சேருகிற இடத்தில் இந்த கேட் மட்டும் இருக்கக் கூடாது."